முதலில் பழகுவோம், பிறகு தொடங்குவோம்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பெரியோர் வாக்கு. சொந்தமாக வடிவமைப்புத் தொழில் தொடங்க விரும்பும் தோழியருக்கு இது மிகவும் பொருந்தும்.

வீட்டில் கணினி ஒன்று இருந்தால் போதும். அழைப்பிதழ், விளம்பரம், புத்தக அட்டை முதலியவற்றை வடிவமைத்துப் பொருள் ஈட்டலாம் என்று பலர் எண்ணுகின்றனர். "பெண்பிள்ளை வெளியே அலைய வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யட்டும்" என்று பெற்றோரும் மகிழ்கின்றனர். ஆனால், படிப்பு முடிந்த மறுநாளே இதில் இறங்குவது சரியா? சற்றே சிந்திப்போம்.

என் அக்கா அப்படித்தான் தொடங்கினாள். முதல் வேலை ஒரு திருமண அழைப்பிதழ். திரையில் பளிச்சென்றிருந்த நீலம் அச்சில் மங்கி வந்தது. வெட்டியபோது ஓரத்தில் வெள்ளைக் கோடும் தெரிந்தது. 500 அழைப்பிதழ்களை மறுபடி அச்சிடும் செலவு அவள் தலையில் விழுந்தது. அன்றிரவு அவள் சாப்பிடவே இல்லை.

திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. அச்சகமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் 4 மைகளால் காட்டுகிறது. வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வண்ணத்தை நீட்டி வைப்பது வழக்கம். இவற்றையெல்லாம் பிறகு ஓர் அச்சகத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தபோதுதான் அவள் கற்றாள். விலை சொல்லவும், முன்பணம் கேட்கவும், பிழை திருத்திய படியில் வாடிக்கையாளரின் கையொப்பம் வாங்கவும் அங்கேதான் பழகினாள்.

அமெரிக்க வடிவமைப்பாளர் பவுலா ஷேர் 1970களில் சி.பி.எஸ்., அட்லாண்டிக் ஆகிய இசைத்தட்டு நிறுவனங்களில் ஊழியராக இருந்து உறைகளை வடிவமைத்தார். 1982-இல்தான் தனித்துத் தொழில் செய்யத் தொடங்கினார். பின்னாளில் சிட்டி வங்கியின் சின்னத்தை, முதல் சந்திப்பிலேயே ஒரு கைத்துடைப்புத் தாளில் வரைந்து காட்டினார். வரைந்தது சில நொடி. அதற்குப் பின்னால் இருந்ததோ பல்லாண்டு உழைப்பு!

"பிறர் இலாபத்துக்கு நாம் ஏன் உழைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். அங்கே நாம் கற்பது நம்முடையதல்லவா? அதுவும் சம்பளம் பெற்றுக்கொண்டே கற்கிறோமே!

எனவே, பெற்றோரே, எங்களை இரண்டு மூன்று ஆண்டுகள் வேலைக்கு அனுப்புங்கள். வீட்டிலிருந்து தொழில் செய்யும் நாள் பின்னர் தானே வரும். தோழியரே, அவசரம் வேண்டாம். அடித்தளம் உறுதியானால் வீடும் உறுதியாகும்.