மாற்று இருதயமும் பிறவி பேதமும்

மனிதனுக்கு மனிதன் பிறவியிலேயே பேதமுண்டு என்று சாதிக்கின்றவர்கள் பல நாடுகளிலும் இருந்து வந்திருக்கின்றார்கள். நம் நாட்டில் அவர்கள் மனுதர்மத்தைக் காட்டினார்கள். தென் ஆப்பிரிக்காவில் பைபிளையும் சட்டப் புத்தகத்தையும் காட்டினார்கள். "இரத்தம் வேறு; ஆகையால் மனிதனும் வேறு" என்பதே இருசாராருடைய வாதமுமாகும். இவ்வாதத்தை மேடையில் மறுப்பது ஒரு வழி. ஒருவனுடைய உறுப்பை மற்றொருவன் உடலில் வைத்து, அதன்பின் அவன் எத்தனை நாள் பிழைத்தான், எதனால் பிழைத்தான், எதனால் செத்தான் என்று கணக்குப் பார்ப்பது மற்றொரு வழி. அந்தக் கணக்கையே இன்று வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

1967-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தில், டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் என்பவர், மோட்டார் விபத்தில் மாண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் இருதயத்தை எடுத்து, லூயி வாஷ்கான்ஸ்கி என்னும் வெள்ளைக்காரருக்கு வைத்தார். உலகத்தில் மனிதனுக்கு மனித இருதயம் வைத்தது அதுவே முதல் தடவை. அவர் 18 நாள் உயிரோடிருந்து நிமோனியாவால் மாண்டார். 1968-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி அதே டாக்டர் பிலிப் பிளைபர்க் என்னும் வெள்ளைக்காரப் பல் வைத்தியருக்கு இரண்டாவது இருதயத்தை வைத்தார். அவர் 19 மாதங்களுக்கு மேல் உயிரோடிருந்தார், மோட்டார் ஓட்டினார், கடலில் குளித்தார். அவருக்குக் கிடைத்த இருதயம் யாருடையது? வெள்ளையரல்லாதார் என்று சட்டத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு கலப்பின வாலிபனுடையது.

அந்நாளில் அந்நாட்டின் நிலைமை என்ன? இனந்தாண்டிக் கலியாணம் செய்யக் கூடாதென்று 1949-ல் சட்டம். ஒவ்வொருவனையும் இன்ன இனமென்று பதிவு செய்ய 1950-ல் சட்டம். பஸ்ஸும் பெஞ்சும் கடற்கரையும் தனித்தனி என்று 1953-ல் சட்டம். ஆஸ்பத்திரியில் படுக்கும் வார்டுகூடத் தனித்தனி. அப்படிப்பட்ட நாட்டில், பக்கத்துக் கட்டிலில் படுக்கக் கூடாதவனுடைய இருதயம் வெள்ளைக்காரருடைய மார்புக்குள் படுத்தது! "வெள்ளையருக்கு மட்டும்" என்று பலகை போட்ட இடங்களுக்கெல்லாம் அவ்விருதயம் தாராளமாய்ப் போய்வந்தது. அவ்வாலிபனைப் பெற்ற தாயோ பலகைக்கு இப்பாலேயே நிற்க வேண்டியிருந்தது. மனிதன் தீட்டு, அவன் இருதயம் தீட்டல்ல என்றால், இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

வெள்ளை இருதயம் 18 நாள், கலப்பின இருதயம் 19 மாதம். ஆகையால் கலப்பின இருதயமே உசத்தி என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது மனுவின் வேலையே தவிர பகுத்தறிவாளர் வேலையல்ல. வாஷ்கான்ஸ்கியின் உடல் புது இருதயத்தைத் தள்ளிவிடாமலிருக்க, நோயை எதிர்க்கும் சக்தியை மருந்தால் மிகவும் அடக்கினார்கள். அடக்கவே நிமோனியா புகுந்தது. இந்த அனுபவத்தைக் கொண்டு இரண்டாவது நோயாளிக்குச் சற்றுப் பக்குவமாய்ச் சிகிச்சை செய்தார்கள். வித்தியாசம் வந்தது படிப்பினையால், பிறப்பினால் அல்ல.

உடலுக்கு "தன் ஜாதி" என்பதே கிடையாது என்பதற்கு இன்னும் பலமான ருஜு உண்டு. 1952-ல் பாரிஸில் ஒரு தாய் தன் மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்தாள். மூன்று வாரம் வேலை செய்து அது நின்று போயிற்று, மகன் இறந்தான். 1954-ல் பாஸ்டனில், ஒரே கருவில் உண்டான இரட்டையர்களில் ஒருவன் மற்றவனுக்குக் கொடுத்தான். வாங்கியவன் 8 வருஷம் வாழ்ந்தான். பெற்ற தாயின் உறுப்பையே அந்நியமென்று தள்ளுகின்ற உடலுக்கு, கோத்திரம் ஏது? குலம் ஏது? மருந்தில்லாவிட்டால் அய்யர் உடல் அய்யர் உறுப்பையும் தள்ளத்தான் செய்யும். மருந்திருந்தால் யாருடையதையும் ஏற்கும். இரத்த வகை பொருந்துகின்றதா என்பதுதான் கேள்வி. அந்த வகைகளோ எல்லா ஜாதியிலும் கலந்தே கிடக்கின்றன.

2014-ம் வருஷம் அக்டோபரில் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரி விழாவில் பேசிய பிரதம மந்திரி மோடி அவர்கள், பிள்ளையாருக்கு யானைத் தலை இருப்பதைக் காட்டி, அக்காலத்திலேயே பிளாஸ்டிக் சர்ஜரி தெரிந்த யாரோ இருந்திருக்க வேண்டும் என்ற கருத்துப்படப் பேசினார். தாய் கொடுத்ததே மூன்று வாரந்தான் நின்றதென்றால், யானை கொடுத்தது யுக யுகமாய் நிற்பதற்கு அவர் எந்த மாத்திரையைச் சாப்பிட்டார்? எந்தப் புராணத்தில் அந்த மருந்துச் சீட்டு இருக்கின்றது?

உண்மையான சிகிச்சையோ தன் தோல்வியை மறைப்பதில்லை. 1968-ல் உலகமெங்கும் சுமார் 100 பேருக்கு இருதயம் மாற்றினார்கள். பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் மாண்டார்கள். அநேக ஆஸ்பத்திரிகள் கைவிட்டன. அமெரிக்காவில் டாக்டர் நார்மன் ஷம்வே போன்ற சிலர் மட்டும் ஒவ்வொரு சாவிற்கும் காரணந்தேடி உழைத்தார்கள். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து கிடைத்தது. 1978-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் ராய் கால்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983-ல் அமெரிக்கா அனுமதித்தது. இன்று நல்ல ஆஸ்பத்திரிகளில் இருதயம் மாற்றிக் கொள்ளும் 100 பேரில் 85 பேருக்குக் குறையாமல் ஒரு வருஷத்தைத் தாண்டுகின்றார்கள். பாதிப் பேர் 12 வருஷத்தையும் தாண்டுகின்றார்கள். 1968-ல் இருந்த கடவுள்தானே இன்றும் இருப்பதாகச் சொல்லுகின்றார்கள்? மாறியது எது? மருந்தும் மனித அறிவுமேயாகும்.

ஆகவே பிழைத்தெழுந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மொட்டை போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் "சாமி காப்பாற்றும்" என்று மாத்திரையை நிறுத்தினால் உடல் உறுப்பைத் தள்ளிவிடும். வேளை தவறாத மாத்திரையும், தவறாத இரத்தப் பரிசோதனையுமே உங்கள் ஆயுள். அம்மாத்திரை வாங்க வகையில்லாத ஏழைக்கு அதைக் கொடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை. ரண சிகிச்சையை மட்டும் இனாமாய்ச் செய்து, மாத்திரைக்குக் கையை விரிப்பது கிணறு வெட்டிக் கொடுத்துக் கயிற்றை ஒளிப்பது போலாகும்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூளை செத்தவரின் உறுப்புகளைப் பெற்றுப் பங்கிடும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008 முதல் நடந்து வருகின்றது. உறுப்புக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023-ல் சர்க்கார் அறிவித்தது. இவ்வளவிருந்தும், கண்ணைக் கொடுத்தால் அடுத்த ஜன்மத்தில் குருடனாய்ப் பிறப்பான் என்று பயந்து மறுக்கின்ற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சுடுகாட்டில் கொளுத்தும்போது அதே கண்ணும் இருதயமும் சாம்பலாகவில்லையா? அந்தக் கணக்குப்படி எல்லாரும் உறுப்பே இல்லாமலல்லவா பிறக்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் உயிர் ஊசலாடும்போது யாருடைய இருதயமானாலும் சரி என்று கையெழுத்துப் போடுகின்றவர், வீட்டுக்கு வந்து மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது ஜாதி கேட்பாரானால், அவருடைய மார்புக்குள் அடிக்கின்ற இருதயமே அவருக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லும். தென் ஆப்பிரிக்காவில் நிற ஆட்சி 1994-ல் ஒழிந்தது. இங்கே ஜாதி ஒழிவது எப்போது? வாசகர்கள் உறுப்புகளைக் கொடுப்பதற்கு இன்றே எழுதிக் கொடுப்பதோடு, அவற்றைப் பெறுகின்ற மனிதனையும் சரிசமமாய் ஏற்க முன்வர வேண்டும் என்பதே நமது விண்ணப்பம்.