மலைக்குள்ளே என்ன இருக்கிறது?



தியானப் பகுதி: ஏசாயா 8:12,13

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ‘ஏரியா 51’ என்று அழைக்கப்படும் இரகசிய விமானத்தளம் ஒன்று உண்டு. 1955-ஆம் ஆண்டிலே யூ-2 என்னும் உளவு விமானம் அங்கே சோதிக்கப்பட்டது. அது 60,000 அடிக்கும் மேலே பறந்தது. அதைக் கண்ட பலர் பறக்கும் தட்டு என்றார்கள். அரசாங்கமோ வாய் திறக்கவில்லை. ஆகவே, வேற்றுக்கிரகவாசிகளின் உடல்கள் அங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்ற கதை உலகமெங்கும் பரவிற்று. அத்தளத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட ஆவணத்தை சி.ஐ.ஏ. 2013-இல்தான் வெளியிட்டது.

இது தூரதேசத்துக் காரியம் என்று எண்ணவேண்டாம். இடுக்கி மாவட்ட எல்லையை ஒட்டிய போடி மேற்கு மலையில், தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பாலான கருவியை உள்ளே நிறுத்துவது திட்டம். உடனே, “அது அணுக்கழிவைப் புதைக்கும் குழி, அந்நிய நாட்டு ஆயுதச்சாலை” என்ற பேச்சு இருபுறத்து மலைகளிலும் எழுந்தது.

பிரியமானவர்களே, வெட்கத்தோடு ஒன்றை அறிக்கையிடுகிறேன். அவ்வாண்டு பூப்பாறைக்கு அருகே நடந்த உபவாச ஜெபக்கூட்டத்தில், அந்த மலைக்குள்ளே அந்திக்கிறிஸ்துவின் ஆயத்தம் நடக்கிறது என்று நானே பிரசங்கித்தேன். கூட்டம் முடிந்தபின் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு வயதான சகோதரர் என்னிடம் வந்தார். “ஐயா, ஒன்றரை ஏக்கர்தான் இருக்கிறது. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய்விடட்டுமா? தரகரிடமும் பேசிவிட்டேன்” என்றார். அவர் கைகள் நடுங்கின. எனக்கு இது எப்படித் தெரியும் என்று அப்பொழுதுதான் என்னை நானே கேட்டேன். பாலக்காடு கொழிஞ்சாம்பாறையிலுள்ள ஓர் ஊழிய நண்பர் கைபேசியில் அனுப்பியிருந்தார். அவருக்கு வேறொருவர் அனுப்பியிருந்தார். கண்டவர் ஒருவருமில்லை.

பிறகுதான் விசாரித்து அறிந்தேன். நியூட்ரினோ என்பது சூரியனிலிருந்தும் ஆகாயமண்டலத்திலிருந்தும் வரும் மிக நுண்ணிய துகள். நீங்கள் இதை வாசிக்கும் இந்நிமிஷத்திலும் கோடானுகோடி துகள்கள் உங்கள் சரீரத்தை ஊடுருவிச் செல்கின்றன, சேதம் ஒன்றுமில்லை. மற்றக் கதிர்களைத் தடுத்து இதனை மாத்திரம் கண்டறியவே, ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை நாற்புறமும் தேவைப்படுகிறது. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது.

அப்படியானால் எதிர்த்தவர்கள் எல்லாரும் பொய்யரோ? அல்லவே. மலையை வெடிவைத்துக் குடைந்தால் நீரூற்றும் காடும் என்னவாகும், மதிகெட்டான் சோலைக்கும் பெரியாற்றுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழி என்னவாகும் என்று கேட்டவர்கள் நியாயமாய்க் கேட்டார்கள். 2015 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வேலையைத் தடுத்தது. 2022-இல் தமிழ்நாடு அரசும் இக்காரணங்களையே உச்சநீதிமன்றத்தில் எடுத்துரைத்து, திட்டத்தை அனுமதிக்க இயலாது என்றது. மெய்யான கேள்விக்கு நீதிமன்றத்திலே இடம் கிடைத்தது. நான் சொன்ன கதையோ ஒரு முதியவரின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏசாயாவின் நாட்களில் சீரியாவும் இஸ்ரவேலும் கூட்டுச் சேர்ந்தன என்ற செய்தி கேட்டு எருசலேம் நடுங்கிற்று. அப்பொழுது கர்த்தர் தீர்க்கதரிசியை எச்சரித்தார்: ஜனங்கள் சதி என்று கூவுவதையெல்லாம் நீயும் கூவாதே, அவர்களுடைய பயம் உன்னைப் பிடிக்கவேண்டாம், சேனைகளின் கர்த்தரே உன் பயமாயிருக்கட்டும் என்பதே அதன் கருத்து. நமது வேதாகமத்தில் அங்கே வரும் ‘கட்டுப்பாடு’ என்ற பழைய சொல்லுக்குச் சதி என்றே பொருள்.

பிழைப்புக்காகப் பட்டணத்திற்கு வந்திருக்கும் தேவபிள்ளைகளே, ஊரைவிட்டுத் தூரமாயிருப்பவருக்குப் பயம் இரட்டிப்பாகும். மலையேறிப் போய்ப் பார்க்க வழியில்லை. ஆகவே ஒரு செய்தி கைக்கு வரும்போது, கண்டவர் யார் என்று கேளுங்கள். மறுபக்கத்தையும் விசாரியுங்கள், நீதிமொழிகள் 18:17 அதைத்தான் போதிக்கிறது. அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளலாகாது என்பது யாத்திராகமம் 23:1-இன் கட்டளை. “ஆண்டவர் சீக்கிரம் வருகிறார்” என்பதற்குச் சாட்சியாகப் பொய்யைத் துணைக்கு அழைக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை.

அடுத்த ஞாயிறன்று அதே ஊருக்குத் திரும்பிப்போய், சபையார் முன்பாக நான் சொன்னது தவறு என்றேன். அந்தச் சகோதரர் தோட்டத்தை விற்கவில்லை.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, எங்கள் நாவையும் விரலையும் காத்தருளும். உமக்குப் பயப்படும் பயத்தினால் மற்றப் பயங்களை எங்களைவிட்டு அகற்றும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.