கிள்ளைக்குப் பொந்து வேண்டும்

தமிழ்ப் புலவருக்குக் கிளியைப்போல் நெருங்கிய பறவை வேறொன்று உண்டோ என்பது ஐயமே. ஐங்குறுநூற்றிலே கபிலர் 'கிள்ளைப் பத்து' எனப் பத்துச் செய்யுட்களை அதற்கென்றே ஒதுக்கினார். குறிஞ்சித் தலைவியின் பகற்பொழுது தினைப்புனத்திலே கிளி கடிவதிற் கழிந்தது. பிற்காலத்திலே பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகரிடம் கிள்ளையைத் தூது விடுத்தார். மீனாட்சியம்மையின் கரத்திலும் ஆண்டாளின் கரத்திலும் கிளி அமர்ந்திருக்கிறது. இத்துணைப் பெருமை வாய்ந்த பறவை எங்கே முட்டையிடுகிறது, எத்தனை நாள் அடைகாக்கிறது, ஆணும் பெண்ணும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று எவரேனும் வினவினால், எம்மிற் பலர் விடையின்றி நிற்போம். பாட்டிலே அறிந்த பறவையை நாம் மரத்திலே அறியாதிருக்கிறோம். இந்த அறியாமை தீங்கற்றதாயின் இவ்விதழில் அதனைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அது தீங்கற்றதன்று என்பதே நாம் இங்கே சொல்ல வந்தது.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில், தென்னை செழித்த எழுவான்கரை. மேற்கே வயலும் சேனையும் அவற்றுக்கப்பாற் காடுமாக விரியும் படுவான்கரை. எமக்கு இவை இரு கரைகள். கிளிக்கோ இவை ஒரே வீட்டின் இரு அறைகள். விடியலிலே ஆரவாரத்துடன் கூட்டங்கூட்டமாக இரை தேடிப் புறப்படுவதும், பொழுது சாயும்போது தோப்புகளை நாடித் திரும்புவதும் இப்பகுதியில் வாழ்வோர் அனைவரும் நாள்தோறும் காணும் காட்சி.

அக்கூட்டங்களிற் பறப்பவை யாவும் ஒரே இனமல்ல. வாவியைச் சூழ்ந்த உலர்வலயத்திலே இரு வகைக் கிளிகளைக் காண்கிறோம். ஒன்று, எங்கும் மலிந்த பச்சைக்கிளி. மற்றது, உருவிற் பெரியதும், தடித்த சிவந்த அலகும் தோளிலே செந்நிறத் திட்டும் உடையதுமான பெரிய பச்சைக்கிளி. மகா அலெக்சாந்தரின் பெயரை மேனாட்டார் இதற்கு இட்டிருக்கின்றனர். இரண்டினத்திலும் கழுத்து ஆரம் முதிர்ந்த ஆணுக்கே உண்டு. பெண்ணுக்கும் இளங்கிளிக்கும் இல்லை. சிவந்த ஆரம் பூண்ட கிளியைச் சங்கப் புலவர் பாடியபோது, ஆண்கிளியையே அவர் கண்டிருத்தல் வேண்டும். இவ்விரண்டுடன் செந்தலைக் கிளியும், இலங்கைக்கே உரிய சாம்பல் தலைக் கிளியும், அதேபோல் எமக்கே உரிய சிற்றுருவான தொங்கு கிளியும் சேர, இந்நாட்டின் கிளியினம் ஐந்தாகும். சிங்கள மொழியிலே லபு கிரவா, அளு கிரவா, கிரா மலித்தா என இவை தனித்தனிப் பெயர் பெற்று வழங்குகின்றன. கிளி, கிள்ளை, தத்தை என ஒரு பறவைக்குப் பல பெயர் சூட்டிய எமது வழக்கிலோ, பல பறவைகள் ஒரு பெயரின் கீழே மறைந்து கிடக்கின்றன.

பெயர் மறைந்தால் பறவையும் மறையலாம். பச்சைக்கிளி ஏராளமாக இருப்பதைக் கண்டு, 'கிளிக்கு என்ன குறை?' என்று நாம் கேட்கிறோம். ஆனால் பெரிய பச்சைக்கிளியின் நிலை அதுவன்று. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவின் அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட இனங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. காடு அழிவது ஒரு காரணம். அதன் குஞ்சு நன்றாகப் பேசும் என்பது மற்றொரு காரணம். மனிதர் சொல்லைத் திருப்பிச் சொல்லும் திறமே அதற்குப் பகையாயிற்று.

இப்பகையின் வழியைச் சிறிது விளக்குதல் வேண்டும். கிளி கூடு கட்டுவதில்லை. மரத்தில் இயல்பாக விழுந்த பொந்தையோ, மரங்கொத்தி குடைந்து கைவிட்ட துளையையோ தேடிப் பிடித்து, அலகினாற் சற்று அகலமாக்கி, அதனுள்ளே முட்டையிடும். தலை முறிந்து உட்கோறையான பனையும் தென்னையும் பட்ட பெருமரங்களும் அதற்கு ஏற்ற இடங்கள். முட்டைகள் வெண்ணிறமானவை, இரண்டு முதல் நான்கு வரை இருக்கும். ஏறக்குறைய 24 நாள் அடைகாத்தபின் குஞ்சுகள் வெளிவரும். அவை பறப்பதற்கு இன்னும் ஏழு வாரமளவிற் செல்லும். நல்ல பொந்தொன்று கிடைத்தால் ஆண்டுதோறும் அதனையே நாடும். குஞ்சு எடுப்போர் இந்த ஏழு வாரத்தையே எதிர்பார்த்திருக்கின்றனர். பொந்தின் வாய் சிறியதாயிருத்தலால் கத்தியாலோ கோடரியாலோ அதனைப் பிளப்பர். ஏற இயலாத மரமாயின் மரத்தையே வீழ்த்துவர். பிளந்த பொந்தில் மழைநீர் புகும், பாம்பு புகும், கிளி மீண்டும் புகாது. குஞ்சு போனால் அவ்வாண்டின் விளைவு போயிற்று. பொந்து போனால் விளைநிலமே போயிற்று.

பொந்து உண்டாவதற்கு எத்தனை காலம் செல்லும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மரம் முதிர வேண்டும். கொப்பு முறிய வேண்டும். முறிந்த இடம் உக்கி உள்ளே கோறையாக வேண்டும். இதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். மட்டக்களப்பிலோ 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி தென்னந்தோப்புகளை ஓரிரவிலே சாய்த்தது. அதன்பின் 2009 வரை நீண்ட போர்க்காலத்திலே பாதுகாப்பின் பொருட்டும் விறகின் பொருட்டும் பெருமரங்கள் விழுந்தன. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை கரையோரத்தை வாரிச் சென்றது. மனித உயிர்களை எண்ணி அழுத நாள்களிலே கோறை மரங்களை எவரும் எண்ணவில்லை, எண்ணாததிற் குற்றமுமில்லை. இன்று அமைதி வந்தபின் நின்றிருக்கும் முதுமரங்களை எண்ணாதிருப்பதற்குத்தான் காரணம் கூறுதல் அரிது.

'கூண்டிலே பெருக்கிக் காட்டிலே விட்டுவிடலாமே' என்று சிலர் கூறுவர். கூண்டிலே கிளியை இனம்பெருக்குதல் இயலாததன்று. பச்சைக்கிளியிலே நீலமும் மஞ்சளுமான நிறங்களைக்கூட வளர்ப்போர் தோற்றுவித்திருக்கின்றனர். ஆயினும் அது வளர்ப்புக் கலை. இனத்தைக் காக்கும் பணி வேறு. இரண்டிற்குமுள்ள வேற்றுமையை அறிய மொரீசியசுத் தீவை நோக்குதல் தகும். எமது தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழும் நாடு அது. அங்கே எமது பச்சைக்கிளிக்கு மிக நெருங்கிய உறவான ஓர் இனம் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. காடு வெட்டப்பட்டுப் பெரும்பகுதி கரும்புத் தோட்டமாயிற்று. பொந்துடைய முதுமரங்கள் அருகின. வெளியிலிருந்து வந்த எலியும் குரங்கும் முட்டையையும் குஞ்சையும் தின்றன. 1980 களிலே அவ்வினத்தில் அறியப்பட்டவை ஒரு பன்னிரண்டு பறவைகள் அளவிலேயே எஞ்சின.

கார்ல் ஜோன்ஸ் என்னும் அறிஞரும் மொரீசியசு வனவிலங்கு நிறுவனத்தாரும் அதனை மீட்டனர். அவர்கள் கூண்டை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு பொந்தையும் தேடி இலக்கமிட்டனர். மழை புகாமற் செப்பனிட்டனர். எலி ஏறாமற் காத்தனர். பொந்தில்லாத இடத்திலே மரப்பெட்டிகளைத் தொங்கவிட்டனர். இரை குறைந்த காலத்தில் உணவு வைத்தனர். பட்டினியால் மாளவிருந்த குஞ்சை எடுத்துக் கையால் வளர்த்தனர். சிலவற்றைக் குஞ்சிழந்த வேறு கிளிகளின் பொந்திலே சேர்த்தனர். கூண்டிலே பெருகிய பறவைகளையும் பின்னர்க் காட்டில் விட்டனர். இன்று அவை 700 க்கு மேற்பட்டுள்ளன. இடையிலே 2005 இல் அலகையும் இறகையும் தாக்கும் நோயொன்று பரவி அம்முயற்சியை அலைக்கழித்தது. அதே தீவிலே, கூண்டுப் பறவையாக வந்து தப்பிய எமது பச்சைக்கிளி பெருகி, அந்நாட்டுக் கிளியுடன் பொந்துக்குப் போட்டியிடுகிறது என்பதையும் மறத்தலாகாது. எந்தக் கிளியையும் எந்தக் காட்டிலும் திறந்து விடுவது அறமென்று எண்ணுவோர்க்கு இஃதொரு பாடம்.

புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் கிளியும் 1975 இல் காட்டிலே 13 ஆகக் குறைந்தது. கூண்டிலே பெருக்கி அதனை மீட்டனர். 2017 இல் வீசிய பெரும்புயல் ஒரு காட்டிலிருந்தவற்றை ஏறக்குறைய முற்றாக அழித்தபோது, கூண்டிலிருந்தவையே அவ்வினத்துக்கு உயிர்ப்பிச்சை அளித்தன. ஆதலாற் கூண்டிலே இனம்பெருக்குதல் பயனற்றது என்று நாம் கூறவில்லை. அது கடைசி மருந்து. பயின்ற கைகளும் பெரும்பொருளும் பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும் மருந்து. எமது பெரிய பச்சைக்கிளி அந்நிலையை இன்னும் அடையவில்லை. மருந்து தேவைப்படாமற் காப்பதே அறிவுடைமை.

படுவான்கரையில் வேளாண்மை செய்வோரின் வழக்கையும் இங்கே கேட்டல் வேண்டும். அவர்களோடு பேசியபோது நாம் கேட்டது தூதுக் கிள்ளையின் புகழன்று. கதிர் முற்றும் நாளிலே கிளிக்கூட்டம் இறங்கினால், தின்பதிலும் கூடுதலாகக் கொத்தி உதிர்த்துவிட்டுப் போகும். சேனையிலே சோளன் குலைகளும் அவ்வாறே பாழாகும். பரணிலே நின்று தகரம் தட்டிக் கத்திக் குரல் கம்மியவனிடம் கிளியின் அழகைப் பேசுதல் முறையன்று. ஆயினும் அழிவு எவ்வளவு, அதைச் செய்வது எவ்வினம், எம்மாதம் என்பவற்றை அளந்தறிந்தாலன்றி அவனுக்கும் நீதி கிட்டாது. கணக்கில்லாத இடத்திலே வலையும் நஞ்சும் முந்திக்கொள்ளும். அவை இனம் பிரித்து அறியமாட்டா. சங்கப் புலவர் கூறும் தட்டையும் தழலும் குளிரும் கவணும் கிளியை ஓட்டும் கருவிகள், கொல்லும் கருவிகளல்ல. பயிரையும் காத்துப் பறவையையும் விட்டுவைத்த அவ்வறிவு, பழந்தமிழர் எமக்கு வைத்துச் சென்ற முதுசொம்.

சட்டம் இல்லாமலில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 1993, 2009 ஆம் ஆண்டுகளின் திருத்தங்களும் உள்ளன. பெரிய பச்சைக்கிளியின் குஞ்சைப் பிடித்து விற்றல் குற்றமாகும். ஆனால் எந்தக் குஞ்சு எவ்வினத்தது என்று அறியாத ஊரிலே சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். வாங்குவோர் இருக்கும்வரை எடுப்போரும் இருப்பர். பெரும்பாலும் வாங்குவோர் கொடியவர் அல்லர். பிள்ளையின் ஆசைக்காக வாங்கும் நல்ல குடும்பத்தவர். சோறும் வாழைப்பழமும் மட்டும் தின்று, எலும்பு வலுவற்று, இறகு விரிக்க இடமின்றி அக்குஞ்சு வாழும் வாழ்வை அவர்கள் கொடுமையென்று எண்ணுவதில்லை. அவர்களுக்கு எடுத்துரைக்க வல்லார் ஆசிரியரே.

ஆதலால் ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. பள்ளிக்கு ஒரு கொப்பி போதும். ஊரிலுள்ள கோறை மரங்களை மாணவர் தேடி, மரத்தின் பெயர், இடம், பொந்தின் உயரம், அதில் வாழும் பறவை ஆகியவற்றை எழுதட்டும். பொந்தின் அருகே செல்லாது தூரத்தில் நின்று பார்க்கப் பழகட்டும். இடத்தைக் குறித்த ஏடு குஞ்சு எடுப்போர் கையிற் சேராமல் ஆசிரியர் காக்கட்டும். மாதம் ஒரு மாலை, கிளிகள் அடையும் தோப்பின் ஓரத்தில் அரைமணி நேரம் நின்று, திரும்பும் கூட்டங்களை இனம் பிரித்து எண்ணட்டும். அறுவடைக்கு முன் ஒரு வயலிற் கிளி கொத்திய கதிரையும் கொத்தாத கதிரையும் கணக்கிடட்டும். ஐந்தாண்டு இவ்வாறு செய்தால், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்து விலங்கியல் மாணவருக்கு ஆராய்ச்சியின் அடித்தளம் ஆயத்தமாகிவிடும். பட்ட பனையொன்றைத் தறிக்குமுன் அதிற் பொந்து உண்டோ என்று வீட்டுக்காரர் ஒருமுறை அண்ணாந்து பார்க்கும் வழக்கமும் மாணவர் வழியாகவே பரவும்.

இலங்கைப் பறவைகளைப் பற்றி லெக் என்பார் 1878 முதல் 1880 வரை பெருநூல் வெளியிட்டார். ஹென்றி என்பாரின் கைந்நூல் 1955 இல் வந்தது. இருவரும் ஆங்கிலத்தில் எழுதினர்; இருவரும் வெயிலிலே நடந்து கண்டு எழுதினர். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்று, கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்று உழைத்த சுவாமி விபுலானந்தரைத் தந்த மட்டக்களப்புத் தமிழகத்திலே, ஐந்து கிளிகளுக்கும் ஊரறிந்த தமிழ்ப் பெயர் வழங்கச் செய்வது இயலாத செயலாகுமா? முதியோரிடம் கேட்டால் மறந்துபோன பெயர்கள் சில கிடைக்கலாம். கிடைக்காதவற்றைப் பார்த்தறிந்து நாமே சூட்டலாம்.

கிள்ளையைத் தூது விட்ட மொழிக்கு அதன் வீட்டைக் காக்கும் கடமையும் உண்டு. இக்கடமை பெரும்பணத்தையோ பேரவைகளையோ வேண்டி நிற்கவில்லை. பட்டுப்போன மரமொன்றைப் பயனற்றதென்று தறியாமல் விட்டுவைத்தலும், விலைக்கு வந்த குஞ்சை வேண்டாமென்று மறுத்தலும், கண்டதைத் தமிழிலே எழுதிவைத்தலும் யார்க்கும் இயலும். வரும் தவணையிலேயே இதனைத் தொடங்கும் பள்ளிகள் தம் மாணவர் எழுதிய குறிப்புகளை எமக்கு அனுப்புமாயின், அவற்றுக்கு இவ்விதழில் இடமளிக்க நாம் காத்திருக்கிறோம்.