ஜன்னல் சீட்டு எக்ஸ்பர்ட்டுகள்

ரன்வேயில் வேகமெடுத்து ஓடிய விமானம் தரையை விட்டுக் கிளம்பாமல் சடாரென்று நின்றால் உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் சாமியைக் கூப்பிடுவார்கள். மீதிப் பேர் செல்போனை எடுப்பார்கள். அந்த மீதிப் பேரில் ஒருவராவது ஐந்தாறு தடவை துபாய் போய் வந்தவராக இருப்பார். "டயர் வெடிச்சிடுச்சு", "இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு", "பைலட் சரியா செக் பண்ணல" என்று வாய்ஸ் மெசேஜ் பறக்கும். விமானம் இன்னும் ரன்வேயிலேயே நின்று கொண்டிருக்கும், விசாரணை அறிக்கை மட்டும் வெளியாகி விடும் :-)

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இதைச் சிரித்துவிட்டு விட முடியாது. மழையை நம்பிய மாவட்டங்கள். பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அவர்கள் எல்லோருக்கும் திருச்சி ஏர்போர்ட்தான் வாசல். அங்கே கிளம்பும் ஒரு விமானத்தைப் பற்றி யாரோ உளறினால், அது பத்து நிமிஷத்தில் ஜெயங்கொண்டத்தில் ஒரு அம்மாவின் போனுக்கு வந்து சேர்கிறது.

2024 அக்டோபர் 11 சாயங்காலம் அப்படித்தான் நடந்தது. திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-ல் ஹைட்ராலிக் கோளாறு. 141 பேரோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் வட்டமடித்து, இரவு எட்டேகால் மணி வாக்கில் பத்திரமாகத் தரையிறங்கியது. நடுவில் எத்தனை கதைகள்! எரிபொருளை வெளியே கொட்டுகிறார்கள் என்றார்கள். அந்த ரக விமானத்தில் பறக்கும்போது எரிபொருளைக் கொட்டும் வசதியே கிடையாது, பறந்து எரித்துத்தான் எடையைக் குறைக்க முடியும். அதற்காகத்தான் அந்த வட்டம். திருச்சி ரன்வே சுமார் 2,480 மீட்டர்தான். அதன் நீளத்தை மனதில் வைத்து எடையைக் குறைத்தோம் என்று விமான நிறுவனமே பிறகு சொன்னது. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு "வட்டம் அடிக்குது" என்றால் "இறங்க வழியில்லை" என்றுதான் அர்த்தம்.

கிளம்பாமல் நிற்கும் விமானத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2025 செப்டம்பரில் லக்னோவில் 151 பயணிகளோடு டெல்லி கிளம்பிய இண்டிகோ விமானம் ரன்வேயிலேயே நிறுத்தப்பட்டது. எம்.பி. டிம்பிள் யாதவும் அதில் இருந்ததால் நாடு முழுக்கச் செய்தி. "ரன்வே முடியப்போகும் நேரத்தில் எமர்ஜென்சி பிரேக் போட்டு நிறுத்தினார் பைலட்" என்ற ரீதியில் வர்ணனைகள் வந்தன, ஏதோ கடைசி நொடியில் ஹீரோ பஸ்ஸை நிறுத்தும் சினிமா காட்சி மாதிரி.

உண்மையில் நடப்பது அவ்வளவு சினிமாத்தனம் இல்லை. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் எடை, வெயில், காற்று, ரன்வே நீளம் எல்லாவற்றையும் வைத்து ஒரு வேகத்தைக் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். அதற்குப் பெயர் வி-1. அந்த வேகத்தைத் தொடும் முன் நிறுத்த ஆரம்பித்தால் மீதி ரன்வே போதும். தாண்டிவிட்டால் ஒரு இன்ஜின் போனாலும் மேலே போவதுதான் பாதுகாப்பு. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சங்க் காஸ்ட் கணக்குதான். ஓடிக் கடந்த ரன்வே செலவாகிப் போன காசு, முன்னால் இருப்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆரம்ப வேகத்தில் சின்ன எச்சரிக்கை விளக்குக்குக்கூட நிறுத்துவார்கள். 80, 100 நாட் தாண்டிய பிறகு தீ, இன்ஜின் கோளாறு மாதிரி பெரிய காரணம் இருந்தால்தான் நிறுத்துவார்கள்.

நிறுத்துவது என்று முடிவானதும் தானியங்கி பிரேக் முழு பலத்தோடு பிடிக்கிறது. இன்ஜின் ரிவர்ஸில் உறுமுகிறது. அந்தச் சத்தத்தைத்தான் "இன்ஜின் வெடிச்சிடுச்சு" என்கிறார் எக்ஸ்பர்ட் அண்ணன். பிரேக் கொதிக்கும், புகைகூட வரலாம். சூடு அளவு மீறினால் டயர் வெடிக்காமல் இருக்க, சக்கரத்தில் வைத்திருக்கும் அடைப்பான் உருகி காற்றை மெதுவாக வெளியே விடும். தட்டையான டயரை ஜன்னல் வழியே பார்த்தவருக்கு டயர் வெடித்ததால் விமானம் நின்றது. நிஜத்தில் விமானத்தை நிறுத்தியதால் காற்று இறங்கியிருக்கும். காரணமும் விளைவும் அப்படியே தலைகீழ்.

காக்பிட்டில் இருப்பவருக்கே சில சமயம் புரியாது என்பதுதான் விஷயம். 1985 ஆகஸ்ட் 22, மான்செஸ்டரில் பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் விமானம் ஓடும்போது ஒரு 'தொம்' சத்தம். டயர் என்று நினைத்து ஓட்டத்தைக் கைவிட்டார்கள். பிரேக்கை ரொம்ப அழுத்த வேண்டாம் என்றும் சொன்னார் கேப்டன். வெடித்ததோ இன்ஜின். அதன் துண்டு எரிபொருள் டேங்கைத் துளைத்திருந்தது. 55 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1982-ல் ஸ்பெயினின் மலாகாவில், முன்சக்கர டயர் பிய்ந்து ஏற்பட்ட அதிர்வைப் பார்த்துப் பயந்து வி-1 தாண்டிய பிறகு ஒரு டி.சி-10 நிறுத்தப்பட்டது. ரன்வேயைத் தாண்டி ஓடித் தீப்பிடித்து 50 பேர் பலி. கருவிகளோடும் பயிற்சியோடும் இருந்தவர்கள் நிலையே இது. இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு சத்தத்தை வைத்து என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதை அரியலூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23, வெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டு விலகினார். அந்த ஊரிலும் "விமானம் நின்னுபோச்சு, இனி அந்தக் கம்பெனியில ஏறாதே" என்று ஃபார்வர்டு சுற்றத்தான் செய்யும்.

விமான நிறுவனங்கள் மேலும் தப்பு இருக்கிறது. "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று ஒரே வரி. பேலன்ஸ் ஷீட்டில் 'இதர செலவுகள்' என்று பெரிய தொகையை எழுதி வைத்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? பைலட் முதலில் விமானத்தையும், பிறகு கண்ட்ரோல் டவரையும் கவனித்துவிட்டுத்தான் பயணிகளிடம் பேச முடியும், அது சரி. பிரேக் ஆறும் வரை உட்கார வைத்திருக்கும் நேரத்தில் "பிரேக் சூடாக இருக்கிறது, ஆற வேண்டும்" என்று தமிழிலும் சேர்த்துச் சொல்ல என்ன செலவாகும்? திருச்சி விமானத்தில் ஏறுபவர்களில் கொத்தனார்களும் டிரைவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் நிறைய. அவர்களுக்குப் புரியாத இங்கிலீஷ் அறிவிப்பைத்தான் பக்கத்து சீட் எக்ஸ்பர்ட் மொழிபெயர்க்கிறார், தன் இஷ்டத்துக்கு.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயணி வாயே திறக்கக்கூடாது என்று எடுத்துக்கொண்டால் அது அதைவிட ஆபத்து. 1989 ஜனவரி 8, இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே விழுந்த பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானத்தில் பழுதானது இடது இன்ஜின். பைலட்டுகள் தவறுதலாக வலது இன்ஜினை நிறுத்தினார்கள், வலது பக்கம்தான் கோளாறு என்று மைக்கில் அறிவித்தார்கள். இடது பக்கம் நெருப்பு வந்ததைப் பயணிகள் பலர் கண்ணால் பார்த்திருந்தார்கள். அறிவிப்பைக் கேட்டுக் குழம்பினார்கள். கேப்டனுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார்கள். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு "எங்களுக்கு இடது பக்கம் அல்லவா தீ தெரிந்தது" என்று ஒருவரும் கேட்கவில்லை. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.