அதிர்வை அடக்கும் அறிவு

நிலநடுக்கத்தைத் தாங்கக் கட்டடத்திற்கு வலிமை மட்டும் போதும் என்ற நம்பிக்கை 1995 சனவரி 17 அன்று கோபே நகரில் தகர்ந்தது. கட்டட விதிகளில் கண்டிப்புமிக்க ஜப்பான் நாட்டிலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். வலிமையோடு, அசைவின் ஆற்றலை உண்டு தீர்க்கும் உறுப்பும் கட்டடத்திற்கு வேண்டும் என்று பொறியாளர் சிலர் அதற்கு முன்பே கூறிவந்தனர்.

அவ்வுறுப்பே அதிர்வடக்கி. எண்ணெய் நிறைந்த உருளையொன்றைத் தளங்களுக்கிடையே பொருத்துவர். கட்டடம் ஆடும்போது உந்துதண்டு அவ்வெண்ணெயைச் சிறு துளை வழியே நெருக்கித் தள்ளும். ஆட்டம் வெப்பமாகிக் கரையும். ஆனால் துளையின் அளவு மாறாதது. நிலநடுக்கமோ ஒன்றுபோல் மற்றொன்று வருவதில்லை. 2011 மார்ச் 11 அன்று ஏற்பட்ட பெருநடுக்கத்தின் நெடிய அலைகள், எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒசாகாவில் 256 மீட்டர் உயர அரசு அலுவலகக் கட்டடத்தை ஏறத்தாழப் பத்து நிமிடம் அலைக்கழித்தன. மின்தூக்கிகளில் மக்கள் சிக்கித் தவித்தனர். அண்மையில் எழும் குறுகிய அதிர்வுக்கும் தொலைவிலிருந்து வரும் நெடிய ஆட்டத்துக்கும் ஒரே அளவு துளை எவ்வாறு ஈடுகொடுக்கும்?

1989-இல் டோக்கியோவின் கியோபாஷி செய்வா கட்டடத்தின் உச்சியில் எடையொன்றை எந்திரத்தால் நகர்த்தி ஆட்டத்தை எதிர்த்தனர். காற்றுக்கும் மிதமான நடுக்கத்துக்கும் அது உதவிற்று. பெருநடுக்கத்தை அவ்வாறு எதிர்க்கப் பேராற்றல் வேண்டும். மின்சாரம் அற்றுப்போகும் வேளையும் அதுவே.

1998-இல் ஷிசுவோக்கா நகரில் கஜிமா நிறுவனம் எழுப்பிய ஐந்து மாடி அலுவலகம் வேறு வழி கண்டது. அதில் எட்டு அதிர்வடக்கிகள். ஒவ்வொன்றின் உச்ச விசையும் 1000 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ நூறு டன் எடைக்கு நிகர். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் மின்திறனோ பழைய மின்குமிழ் ஒன்றுக்குப் போதுமான 70 வாட். கட்டடத்தை எந்திரம் தள்ளுவதில்லை. உணரிகள் அளந்து சொல்லும் அசைவைக் கொண்டு கணிப்பொறி வால்வைத் திறப்பதும் மூடுவதுமே செய்கிறது. இரும்புத்துகள் கலந்த எண்ணெயைக் காந்தப்புலத்தால் நொடியின் சிறு கூறில் இறுகச் செய்யும் அதிர்வடக்கிகள் 2001-இல் டோக்கியோவின் அறிவியல் அருங்காட்சியகமான மிராய்கானில் இடம்பெற்றன.

அசைவுக்கேற்பத் தகவமையும் இவ்வதிர்வடக்கிகளை ஆளும் நெறியே நுட்பமானது. அதிர்வடக்கியால் அசைவை எதிர்க்க மட்டுமே முடியும். கணக்கு வேண்டும் விசை, அதிர்வடக்கி இப்போது தரும் விசையின் திசையிலேயே அதனினும் மிகுந்திருந்தால் மின்னோட்டத்தை உயர்த்து, இல்லையேல் நிறுத்து. 1990-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த நெறியொன்றின் சாரம் இது. ஆணை காலந்தாழ்ந்தால் பயன் குன்றும். ஆயினும் வெளியாற்றலைக் கட்டடத்துக்குள் செலுத்தாததால், கணிப்பொறியே பழுதுற்றாலும் இது சாதாரண அதிர்வடக்கியாகவேனும் நின்று காக்கும். இந்த ஒரு பண்புக்காகவே இம்முறையை நாம் ஆதரிக்கிறோம்.

ஆனால் கருவியின் சிறப்பு அதைச் சோதிப்பவரின் நேர்மையளவே. 2018-இல் ஜப்பானிய உற்பத்தியாளர் ஒருவர் அதிர்வடக்கிகளின் சோதனை அளவுகளைத் திருத்தி எழுதியது வெளிவந்தது. ஏறத்தாழ ஆயிரம் கட்டடங்கள் ஐயத்துக்குள்ளாயின. எண்ணெய் அதிர்வடக்கியிலேயே இந்நிலை என்றால், உணரியும் கணிப்பொறியும் சேர்ந்த அமைப்பில் மறைக்கத்தக்க குறைகள் இன்னும் பல.

2001 சனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் நகர அரசு மருத்துவமனை நிலநடுக்கத்தில் இடிந்து நோயாளிகளையே புதைத்தது. பின்னர் அங்கு ரப்பரும் ஈயமும் கொண்ட தாங்கிகளின்மேல் புதிய மருத்துவமனை எழுந்தது. பேரழிவுக்குப் பின் செய்த அதனை, நடுக்க மண்டலங்களிலுள்ள ஏனைய மருத்துவமனைகளில் முன்கூட்டியே செய்யவேண்டும். இத்தகைய தாங்கிகளோடு தகவமையும் அதிர்வடக்கிகளையும் அங்கு நிறுவும் அரசுகள் ஆண்டுதோறும் அவற்றைச் சோதிக்கவும், உற்பத்தியாளரைச் சாராத வல்லுநரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கவும், முடிவுகளை மக்கள் முன் வைக்கவும் சட்டத்தால் கட்டுப்படவேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.