ஸ்டூல் மேல் நின்றவரின் பெயர்

போன மாதம் தோழர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு சின்ன அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக 2004இல் எடுத்தது. விவியன் தாமஸ் என்ற கருப்பரையும் ஆல்பிரட் பிளேலாக் என்ற வெள்ளை அறுவை மருத்துவரையும் பற்றிய படம். கடைசியில் பிளேலாக்கின் ஓவியம் மாட்டியிருக்கும் இடத்திலேயே தாமஸின் ஓவியமும் மாட்டப்படுகிறது. ஒரு மாணவத் தோழர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘திறமை இருந்தா என்னைக்காவது ஒருநாள் மேல வந்துடலாம்னு தெரியுதுல்ல தோழர்’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. தகுதி, திறமை என்று நம்மைப் பார்த்துச் சொல்லப்படும் வார்த்தை நம்ம பிள்ளையின் வாயிலேயே வருகிறது. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

தாமஸ் 1910இல் பிறந்தவர். வளர்ந்தது டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில். அப்பா தச்சர், மகனும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். மருத்துவம் படிக்க வேண்டுமென்று காசு சேர்த்தார். 1929 பங்குச் சந்தைச் சரிவில் வேலை போனது. பின்னாளில் வங்கி திவாலாகிச் சேமிப்பும் போனது. 1930 பிப்ரவரியில், 19 வயதில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச நாளிலேயே நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது, ரத்தக்குழாயைத் திறப்பது, அளவெடுப்பது, கணக்குப் போட்டு எழுதி வைப்பது எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டது. பிறகு பரிசோதனைகளை முழுக்க அவரே நடத்தினார்.

சம்பளப் பதிவேட்டில் அவருக்கு என்ன பதவி போட்டிருந்தார்கள் தெரியுமா? துப்புரவுத் தொழிலாளி.

இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடக் கூடாது. இது யாரோ ஒரு குமாஸ்தா செய்த எழுத்துப் பிழை இல்லை. கருப்பராக இருப்பவர் ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை செய்தாலும் அது கூட்டிப் பெருக்குவதாகத்தான் இருக்க முடியும் என்று நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. வேலையைப் பார்த்துப் பதவி கொடுக்கவில்லை, ஆளைப் பார்த்துக் கொடுத்தது. விஷயம் தெரிந்ததும் தாமஸ் கேட்டார். சம்பளம் கூடியது. பதவியின் பெயரை மாற்றினார்களா, காசை மட்டும் கூட்டினார்களா என்பது அவருக்கே தெரியாமல் போயிற்று. பெருக்குகிற வேலை கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. பெருக்குகிறவரின் கூலியைக் கொடுத்து விஞ்ஞானியின் உழைப்பை வாங்கிக்கொண்டார்கள் என்கிறேன்.

அந்த உழைப்பால் என்ன விளைந்தது? அடிபட்டவர்கள் அதிர்ச்சி நிலைக்குப் போய்ச் செத்தார்கள். உடம்பில் ஏதோ விஷம் ஊறுவதுதான் காரணம் என்று அப்போது பலர் நம்பினார்கள். குழாய்களை விட்டு ரத்தமும் நீரும் வெளியேறுவதுதான் காரணம் என்று இந்த ஆய்வுக்கூடம் காட்டியது. இழந்ததைத் திருப்பி ஏற்றினால் ஆள் பிழைப்பார். இரண்டாம் உலகப் போரில் ஏராளமான சிப்பாய்கள் இதனால் உயிர் பிழைத்தார்கள். பிளேலாக்கின் புகழ் எழும்பியது இதன் மேல்தான். 1941இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவரை அறுவைத் துறைத் தலைவராக அழைத்தது. தாமஸையும் கூட்டிக்கொண்டுதான் போனார். இதற்கு முன்பு டெட்ராய்ட்டிலிருந்து வந்த அழைப்பை, கருப்பரை அங்கே வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால் விட்டிருந்தார். இதைப் பெருந்தன்மை என்பார்கள். இருக்கட்டும். தன் வேலை யார் கையில் நடக்கிறது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஹாப்கின்ஸில் தாமஸ் வெள்ளைக் கோட்டோடு நடந்தால் போவோர் வருவோர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கருப்பர்கள் எடுபிடி வேலைகளில் மட்டும்தான் இருந்தார்கள். பார்வை தாங்காமல், பிளேலாக்கின் அலுவலகத்துக்குப் போகும்போது கோட்டைக் கழற்றிச் சாதாரண உடைக்கு மாறிக்கொள்ள ஆரம்பித்தார். எந்த ஆள் எந்த உடையில் எந்த வழியே போகலாம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1943இல் ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவர் ஒரு சிக்கலோடு வந்தார். பிறவி இதயக் குறையால் நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல் நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகள். ரத்தம் கூடுதலாகப் போக வழி செய்ய முடியுமா? (டாசிக்கும் ஒதுக்கப்பட்டவர்தான். பெண் என்பதால் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி அவருக்குப் பட்டம் தர மறுத்தது. காதும் சரியாகக் கேட்காது. கையால் தொட்டே இதயத்தைப் படித்தார்.) கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு தைக்கும் முறையை வேறொரு ஆய்வுக்காக வாண்டர்பில்ட்டில் ஏற்கனவே செய்து பார்த்திருந்தார்கள். இப்போது தாமஸ் ஏறக்குறைய இரண்டு வருடம், சுமார் 200 நாய்கள் மேல் வேலை செய்தார். முதலில் நல்ல நாயை நீலமாக்க வேண்டும், அப்புறம் அதைச் சரி செய்ய வேண்டும். குழந்தையின் குழாய்க்குத் தோதான ஊசி, பிடிப்பான் கிடையாது. இருப்பதை வெட்டித் தேய்த்து அவரே தயாரித்தார். தச்சர் மகன் அல்லவா.

1944 நவம்பர் 29. ஒன்றரை வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை, சுமார் நாலு கிலோ எடை. பிளேலாக் இந்த அறுவையை நாயிடம் செய்து பார்த்தது ஒரே ஒருமுறை, அதுவும் தாமஸுக்கு உதவியாளராக நின்று. அதனால் தாமஸைக் கூப்பிடச் சொன்னார். தாமஸ் ஒரு ஸ்டூல் மேல் ஏறி பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று, தையல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குழந்தை சில மாதங்களே பிழைத்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. ஒரு வருடத்துக்குள் அங்கே 200க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இரண்டு பேர்: பிளேலாக், டாசிக். அறுவைக்கும் அந்த இரண்டு பெயர்தான். ஸ்டூல் மேல் நின்றவர் பெயர் இல்லை.

வெள்ளை இளம் மருத்துவர்கள் தாமஸிடம் வந்துதான் தையல் போடக் கற்றார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டென்டன் கூலி அதை வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் முதன்முதலில் கருப்பர்கள் பட்டம் பெற்றது 1967இல். அதாவது, தாமஸ் யாருக்குக் கற்றுக்கொடுத்தாரோ அவர்கள் உட்கார்ந்த வகுப்பில் அவர் உட்கார்ந்திருக்க முடியாது. சம்பளம் பற்றாமல், பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையும் பார்த்தார். பகலில் பாடம் கேட்டவர்களுக்கு ராத்திரியில் கிளாஸ் நீட்ட வேண்டும். 1946இல் பிளேலாக் பேசிச் சம்பளத்தை நன்றாகவே உயர்த்தினார். காசு தரலாம் என்று தோன்றியிருக்கிறது. பெயர் தரலாம் என்று தோன்றவில்லை. 1947இல் தாமஸ் மோர்கன் ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்து பார்த்தார். அனுபவத்துக்கு மதிப்பெண் கிடையாது, முதல் வருடத்திலிருந்து தொடங்கு என்றார்கள். மருத்துவம் முடிக்கும்போது வயது 50 ஆகியிருக்கும். விட்டுவிட்டார்.

நம் தோழர்கள் சிலர் கேட்கலாம்: இவர் ஏன் போராடவில்லை, ஏன் இப்படிப் பணிந்து போனார்? எனக்கும் அந்த எரிச்சல் வந்தது. ஆனால் அவருடைய அண்ணன் ஹெரால்டின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் நாஷ்வில்லில் ஆசிரியர். கருப்பு ஆசிரியருக்குக் குறைந்த சம்பளம் ஏன் என்று கல்வி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார். வாதாடியவர் தர்குட் மார்ஷல். வழக்கில் ஜெயித்தார், வேலையை இழந்தார். இதைக் கண்ணெதிரே பார்த்த தம்பி வாயை மூடிக்கொண்டு கையை வேலை செய்ய விட்டதை, சாப்பாட்டுக்குக் கவலையில்லாத இடத்தில் உட்கார்ந்து கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தக் கையும் சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கருப்பரை ஆய்வுக்கூடத்துக்குள் இழுத்துப் பயிற்சி கொடுத்து, இதய அறுவைப் பிரிவில் மருத்துவ உதவியாளர் ஆகும் அளவுக்குக் கொண்டுவந்தது.

பிளேலாக் 1964இல் இறந்தார். ஓவியம் திறந்தது 1971இல். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து செய்தார்கள். 1976இல் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மருத்துவத்துக்கான பட்டம் தர விதி இடம் தரவில்லையாம், சட்டத்துக்கான டாக்டர்! 35 வருடம் கத்தியும் ஊசியும் பிடித்த கைக்குச் சட்டப் பட்டம். ஆசிரியர் பதவியும் அப்போதுதான். 1979இல் ஓய்வு. 1985 நவம்பரில் இறந்தார். தன் கதையைத் தானே எழுதியிருந்தார். அவர் செத்துச் சில நாள் கழித்துத்தான் அந்தப் புத்தகம் வெளிவந்தது. இன்றைக்கு மருத்துவர்கள் பலர் அந்த அறுவையை மூன்று பெயரும் சேர்த்து எழுதுகிறார்கள்.

ஆக, மாணவத் தோழரே, திறமை 1930களிலேயே இருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் பயன்படுத்தினார்கள். வராதது வேறு. நீங்கள் கண் கலங்கிய ஓவியத்துக்கும் அந்த 1944 அறுவைக்கும் நடுவில் 27 வருடம் இருக்கிறது. அந்தப் படத்தை இன்னொரு தடவை போடுவோம். இந்த முறை சம்பளத் தகராறு வரும் இடத்தில் நிறுத்தி வைத்துப் பேசலாம், வாங்க.