நொதித்த மூலிகைச் சாறும் உம்மாவின் முழங்காலும்



சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய உம்மாவுக்குப் பல வருடங்களாக மூட்டு வீக்கம். யாரோ கொடுத்த மருந்துப் போத்தலுடன் வந்த துண்டுப்பிரசுரத்தில், "நொதிக்கச் செய்த மூலிகைச் சாறு நிர்ப்பீடனக் கலங்களில் அழற்சியைத் தணிப்பது ஆய்வில் நிரூபணமானது" என்று இருந்ததாம். உம்மா அதை நம்பி, கிளினிக்கில் கொடுத்த குளிசைகளை நிறுத்திவிட்டார். மூத்த மகனோ, நொதித்தது என்றாலே ஹராம், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்கிறாராம். இருவருமே அவசரப்பட்டுவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

முதலில் உம்மாவின் விஷயம். இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் எப்படி நடக்கின்றன? நம் உடம்பில் கிருமிகளை விழுங்கும் வெண்கலங்கள் உண்டு. அவற்றைப் போன்ற எலிக் கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார்கள். பல ஆய்வுகூடங்கள் பாவிப்பது, 1978இல் ஓர் எலியின் புற்றுக் கட்டியிலிருந்து உருவாக்கப்பட்ட கலவம்சம். பற்றீரியாவின் வெளிச்சுவர்த் துண்டொன்றைச் சேர்த்ததும் அந்தக் கலங்கள் சினங்கொண்டு நைத்திரிக் ஒட்சைட்டையும் அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் வெளிவிடும். பிறகு மூலிகைச் சாற்றை ஊற்றி, அவை குறைகின்றனவா என்று அளப்பார்கள். குறைந்தால் மட்டும் போதாது. கலம் செத்துப்போனாலும் அளவு குறையும் அல்லவா! அதனால் கலங்கள் உயிரோடிருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

இது நேர்மையான, பயனுள்ள வேலைதான். ஆனால் ஆராய்ச்சியின் முதற்படி. தட்டில் சாறு கலத்தை நேரே தொடுகிறது. வாயால் குடித்ததோ இரைப்பை, குடல், ஈரல் எல்லாம் கடந்து, எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவுதான் மூட்டைப் போய்ச் சேரும். எலிக் கலத்துக்கு உம்மாவின் வயதும் இல்லை, சீனி வியாதியும் இல்லை.

நொதிக்கச் செய்வதில் நியாயம் இல்லாமலில்லை. கொரியர்களின் கின்செங் வேரில் உள்ள முக்கியப் பொருள்கள் சீனி மூலக்கூறுகளோடு பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை நம் குடற் பற்றீரியாக்கள் அறுத்த பிறகே அவை நன்றாக உறிஞ்சப்படுகின்றன. நொதிக்கச் செய்தால் அந்த வேலை குடலுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

இனி மகனின் விஷயம். நொதித்தல் ஒரே வகையல்ல. தயிரும் நொதித்ததுதான், அதில் பற்றீரியா பாற்சீனியை இலற்றிக் அமிலமாக்குகிறது. பெரும்பாலும் மதுவம் சேர்ந்தால்தான் சீனி அற்ககோலாகிறது. நபி (ஸல்) அவர்களுக்காகக் காலையில் பேரீச்சம்பழம் ஊறவைத்து மாலையில் அருந்தக் கொடுத்ததை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. விலக்கலுக்குக் காரணம் ஊறுவதல்ல, போதை. அதேவேளை, அதிகமாக அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் ஹராம் என்பதும் ஹதீஸ்தான்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் பிள்ளைப்பேற்றுக்குப் பின் கொடுக்கும் தசமூலாரிஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். வில்வம், குமிழ், நெருஞ்சில் முதலான பத்து மூலிகைகளின் வேர்க் கசாயத்தில் வெல்லம் சேர்த்து, மூடிவைத்துப் புளிக்கவிடுகிறார்கள். அரிஷ்டங்களில் தானாக உண்டாகும் அற்ககோல் பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 10 வரை. பியரில் இருப்பது ஏறத்தாழ 5. மருந்துக் கடையில் விற்கிறார்கள் என்பதற்காக இதை லேசாக எண்ண முடியாது.

ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள், மதுவைத் தனியாக மருந்தாக்குவதை மறுக்கிறார்கள். 'திர்யாக்' போன்ற கூட்டு மருந்தில் அது கலந்து கரைந்துபோயிருந்து, அதற்கு ஈடான தூய மருந்து கிடைக்காவிட்டால் மட்டும் இடம் கொடுக்கிறார்கள். நொதிக்கவிடாத தசமூலக் கசாயம் கிடைக்கிறதே! ஆகவே பிள்ளை பெற்ற தாய்க்குக் கசாயத்தைக் கொடுங்கள் என்பதே என் பதில். தானாக உண்டான சிறிதளவைப் பற்றி இக்கால ஆலிம்களிடையே வேறு கருத்தும் உண்டு; அதைப் பின்பற்றுபவரோடு சண்டைக்குப் போகத் தேவையில்லை.

சகோதரி, போத்தலை வீசிவிடாதீர்கள். லேபலோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். நொதிக்கவைத்தது பற்றீரியாவா மதுவமா, அற்ககோல் எத்தனை வீதம் என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். உம்மாவுக்கு இருப்பது முடக்குவாதமானால், மருந்தில்லாத மாதங்களில் எலும்பு அரித்துக்கொண்டே போகும். அரித்தது திரும்பி வராது. நிறுத்திய குளிசைகளை எப்படித் தொடங்குவது என்பதை இந்த வாரமே டொக்டரிடம் கேட்டுவிடுங்கள். மகனையே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.